சங்கராபுரத்துக் கடை ஆர்க்டிக்குக்குப் போன கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்தில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் மகள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். அப்பாவின் கடைக்கு ஒரு இணையப் பக்கம் செய்கிறாள். அதில் வரைபடத்தை ஒட்டி, கடை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புக் குறியைக் குத்துகிறாள். பக்கத்தைத் திறந்தால் பேருந்து நிலையத்தைக் காணோம், கடைத்தெருவைக் காணோம். சுற்றிலும் பனியாறுகள், கடற்கால்கள், நார்வே மொழியில் ஊர்ப் பெயர்கள். வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நி-ஓலசுன் என்ற சிற்றூரை ஒட்டிக் குறி நிற்கிறது.

அவள் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். சங்கராபுரத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11.9 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை 78.9 டிகிரி கிழக்கு. இரண்டையும் முன்பின்னாகப் போட்டுவிட்டாள். நி-ஓலசுன் இருப்பதோ 78.9 டிகிரி வடக்கு, 11.9 டிகிரி கிழக்கு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆர்க்டிக்கில் இந்தியா நடத்தும் ஆராய்ச்சி நிலையமான ‘ஹிமாத்ரி’ 2008 முதல் அந்த ஊரில்தான் இருக்கிறது. வழிதப்பிப் போன குறி, நம்மவர்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய் இறங்கியிருக்கிறது.

சங்கராபுரம் மட்டும் என்றில்லை. தமிழ்நாட்டு ஊர் எதை எடுத்து எண்களை மாற்றிப் போட்டாலும் ஸ்வால்பார்டின் மேற்குப் பகுதியிலோ அதைச் சுற்றிய கடலிலோதான் போய் விழும். சென்னை அந்தத் தீவுகளுக்கு வடக்கே கடலில் விழும். மதுரை மேற்கே கடலில் விழும். கடை குவாஹாட்டியில் இருந்திருந்தால் பிழை உடனே பிடிபட்டிருக்கும். அந்த ஊரின் தீர்க்கரேகை 91-ஐத் தாண்டும். அட்சரேகையோ 90-க்கு மேல் கிடையாது. எண்களை மாற்றினால் மென்பொருள் ஏதாவது ஒரு விதத்தில் முரண்டு பிடிக்கும். நம் ஊர் எண்கள் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிவிடுவதால் பிழைச் செய்தி வராது. குறி மட்டும் பனியில் நிற்கும்.

சரி, எது முதலில் வர வேண்டும்? இதற்கு ஒரே விடை இல்லை என்பதுதான் சிக்கல். மாலுமிகளும் புவியியலாரும் காலங்காலமாக அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். கணக்குப் பாடத்திலோ கிடைமட்ட அளவு முதலில், செங்குத்து அளவு அடுத்து. அப்படிப் பார்த்தால் கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகைதான் முந்த வேண்டும். கூகுள் மேப்ஸும் லீஃப்லெட் என்ற வரைபட லைப்ரரியும் மாலுமி வழி. இடத் தகவலைப் பரிமாற எல்லாரும் பயன்படுத்தும் ஜியோஜேசன் கணக்கு வழி. 2016-இல் வந்த அதன் தர ஆவணம் தீர்க்கரேகையே முதலில் என்று எழுதியே வைத்திருக்கிறது. மேப்லிப்ரே என்ற லைப்ரரியும் அந்தக் கட்சி. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரு முறையாவது ஸ்வால்பார்டு பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இணைய வரைபடத்தை நாம் பூமியின் புகைப்படம் போல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பலர் வெவ்வேறு காலங்களில் செய்துகொண்ட உடன்பாடுகளின் அடுக்கு. எந்த எண் முதலில், உலகத்தை எங்கே வெட்டுவது, எவ்வளவு நுணுக்கம் போதும், யார் திருத்தலாம், யார் காசு கொடுப்பது என்று ஒவ்வொன்றும் ஓர் உடன்பாடு. வரைபடத்தை வைத்து வேலை செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்களெல்லாம் இந்த உடன்பாடுகளில் ஏதோ ஒன்றைப் படிக்காமல் தாண்டிய இடங்கள்.

உருண்டையைச் சதுரமாக்கிய கதை

உருண்டையைத் தாளில் விரித்தால் ஏதாவது ஒன்று கோணத்தான் செய்யும். 1569-இல் கெரார்டஸ் மெர்கேட்டர் கப்பலோட்டிகளுக்காக ஒரு முறை வகுத்தார். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் பாதை அவருடைய படத்தில் நேர்கோடாக விழும். அதற்காக அவர் கொடுத்த விலை பரப்பளவு. துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். ஆப்பிரிக்காவில் கிரீன்லாந்து பதினான்கு முறை அடங்கும். படத்திலோ இரண்டும் ஏறக்குறைய சமம்.

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தபோது இந்தப் பழைய முறையையே சற்றுச் சுருக்கி எடுத்துக்கொண்டது. துருவம் வரை போனால் படம் முடிவில்லாமல் நீளும். அதனால் வடக்கிலும் தெற்கிலும் 85.0511 டிகிரியில் வெட்டிவிட்டார்கள். அது என்ன விந்தையான எண்? அங்கே வெட்டினால் உலகம் சரியான சதுரமாகிறது, அவ்வளவுதான். சதுரமாக இருந்தால் நான்காக மடிக்கலாம், மறுபடி நான்காக மடிக்கலாம்.

பூமி சற்றே தட்டையான கோளம். இந்த முறையோ அதை முழு உருண்டையாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. நில அளவைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. உலகின் ஆயத்தொலை முறைகளுக்கெல்லாம் எண் கொடுத்துப் பட்டியல் வைத்திருப்பது, ஐரோப்பிய எண்ணெய்க் கம்பெனிகளின் அளவையாளர் குழு தொடங்கிய ஈபிஎஸ்ஜி பதிவேடு. அதில் இந்த முறைக்குப் பல காலம் இடம் கிடைக்கவில்லை. நிரலாளர்கள் காத்திருக்கவில்லை, 900913 என்று தாங்களே ஓர் எண்ணை வைத்துக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தால் அதில் ‘கூகுள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளுடைய சாயல் தெரியும். பிற்பாடு பதிவேடே இறங்கிவந்து 3857 என்ற எண்ணைக் கொடுத்தது. இன்றும் பழைய நிரல்களில் 900913 கண்ணில் படும், இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஊதிப்பெருக்கம் நிரல் எழுதுபவரை எங்கே கடிக்கும்? தூரம் அளக்கும்போது. படத்தின் அளவுகளை அப்படியே மீட்டராக எடுத்துக் கணக்கிட்டால் சென்னையில் வரும் பிழை நூற்றுக்கு மூன்றுகூட இராது. சோதித்துப் பார்ப்பவர் சரி என்று விட்டுவிடுவார். அதே நிரலை லண்டனில் ஓட்டினால் 100 மீட்டர் 160 மீட்டராகிவிடும். நி-ஓலசுன்னிலோ 500 மீட்டரைத் தாண்டும். தூரத்தை எப்போதும் உருண்டை மேல் அளக்கும் சூத்திரத்தால் கணக்கிட வேண்டும். பெரும்பாலான வரைபட லைப்ரரிகளில் அதற்கான கருவி கையோடு வருகிறது.

12/2961/1897

சதுரத்தை நான்காக மடிக்கலாம் என்றோம். ஜூம் 0 என்பது உலகம் முழுவதும் 256 பிக்சல் அகல உயரமுள்ள ஒரே ஒரு கட்டத்தில் அடங்கிய நிலை. கட்டத்தை டைல் என்பார்கள். வீட்டுத் தரையில் பதிக்கிறோமே அதே டைல்தான். ஜூம் 1-இல் நான்கு டைல். ஜூம் 2-இல் பதினாறு. இப்படி நான்கால் பெருக்கிக்கொண்டே போனால் ஜூம் 10-இல் பத்து லட்சத்தைத் தாண்டும். தெருவில் வீடு தெரியும் ஜூம் 18-இல் 6,871 கோடி.

ஒவ்வொரு டைலுக்கும் மூன்று எண்களில் முகவரி உண்டு: ஜூம் நிலை, மேற்கிலிருந்து எத்தனையாவது, வடக்கிலிருந்து எத்தனையாவது. சென்னை சென்ட்ரல் நிலையம் இருக்கும் டைலை நாமே கண்டுபிடிக்கலாம். தீர்க்கரேகை 80.27. உலகம் மைனஸ் 180-இல் தொடங்குவதால் 180-ஐக் கூட்டினால் 260.27. அதை 360-ஆல் வகுத்தால் 0.723. ஜூம் 12-இல் குறுக்கே 4096 டைல்கள். பெருக்கினால் 2961 சொச்சம். சொச்சத்தை விட்டுவிடலாம். செங்குத்துக்கு மெர்கேட்டரின் சூத்திரம் நடுவில் வரும், விடை 1897. ஆக முகவரி 12/2961/1897. இந்த டைலின் அகலம் தரையில் சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர். யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வரிடம் இந்த முகவரியைக் கேட்டால் வடசென்னையும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்த ஒரு துண்டு வந்து நிற்கும்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன் வரைபடத் தளங்களில் ஓரத்து அம்புக்குறியை அழுத்திவிட்டுப் பக்கம் முழுக்கத் திரும்ப ஏறும்வரை காத்திருக்க வேண்டும். டைல் வந்தபின் விரலால் இழுத்தால் ஓரத்தில் புதிதாகத் தேவைப்படும் நாலைந்து துண்டுகள் மட்டும் வரும். மற்றவை ஏற்கெனவே கையில் இருக்கும். 6,871 கோடியையும் யாரும் வரைந்து வைப்பதும் இல்லை. பெரும்பகுதி நடுக்கடல். யாராவது கேட்டால்தான் வரைந்து, அடுத்தவர் கேட்கும்போது கொடுக்க எடுத்துவைத்துக்கொள்வார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம்: செங்குத்து எண்ணைத் தெற்கிலிருந்து எண்ணும் மரபும் ஒன்று இருக்கிறது. டிஎம்எஸ் என்று அதற்குப் பெயர். இரண்டையும் கலந்தால் துண்டுகளெல்லாம் மேலும் கீழும் மாறி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்க வேண்டியது தெற்கே போகும். படம் கலைந்த சீட்டுக்கட்டு போலத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

படமும் தரவும்

ஆரம்ப காலத்து டைல்கள் வெறும் படங்கள். தெருவின் பெயர் அதில் பிக்சலாக ஒட்டியிருக்கும். படத்தைத் திருப்பினால் எழுத்தும் தலைகீழாகும். இப்போது பரவியிருப்பவை வெக்டர் டைல்கள். அவற்றில் படம் கிடையாது. ஒரு டைலைப் பொதுவாக 4096-க்கு 4096 என்ற நுண்கட்டமாகப் பிரித்து, ‘இந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிவரை ஒரு சாலை, அதன் பெயர் இது, வகை இது’ என்ற குறிப்புகளை மட்டும் அனுப்புகிறார்கள். வரைவது உங்கள் போனின் வேலை. அதனால்தான் இரவில் பின்னணியைக் கறுப்பாக்க முடிகிறது. படத்தைச் சுழற்றினாலும் எழுத்து நிமிர்ந்தே நிற்கிறது. ஜூம் 14 வரை டைல் இருந்தாலே போதும். அதற்கு மேலும் கோடு பிசிறில்லாமல் பெரிதாகும்.

படத்துக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசம் 2015 டிசம்பரில் சென்னைக்காரர்களின் கண்முன்னே தெரிந்தது. வெள்ளத்தில் எந்தத் தெரு முழுகியிருக்கிறது என்று காட்ட, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்துத் தன்னார்வலர்கள் ஒரு வரைபடம் கட்டினார்கள். அதில் தெருவின் மேல் தட்டினால் அந்தத் தெரு முழுகியதாகப் பதிவாகி நிறம் மாறும். தண்ணீர் நிற்கும் தெருவில் இருப்பவரே தன் தெருவைக் குறித்தார். ஒவ்வொரு தெருவும் தனித்த பொருளாக, தனி அடையாள எண்ணோடு தரவில் இருந்ததால்தான் இது ஆயிற்று. பிக்சலைத் தட்டினால் அதற்கு எந்தத் தெரு என்று தெரியாது.

தமிழுக்கும் வந்த தொல்லை

வெக்டர் டைல் நமக்குத் தனியாக ஒரு தலைவலியையும் கொண்டுவந்தது. ‘சென்னை’ என்று எழுதும்போது கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடு அதைச் சேமிக்கும் வரிசை வேறு: முதலில் ‘ச’, பிறகு கொம்பு. கொம்பை இழுத்து முன்னால் வைப்பது எழுத்துருவைக் கையாளும் மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்க வேண்டும்.

போனில் வேகமாக வரைவதற்காக, வெக்டர் வரைபட லைப்ரரிகள் எழுத்துகளை 256, 256-ஆகக் கட்டிச் சின்னச் சின்ன அச்சுகளாக அனுப்பி, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கின. ஆங்கிலத்துக்கு அது போதும். அரபிக்குத் தனியாக ஒரு துணைநிரல் எழுதினார்கள். தமிழ், இந்தி, வங்காளம் போன்றவை நீண்ட காலம் அப்படியே கிடந்தன. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இதே பெயர்கள் பழைய பட டைல்களில் ஒழுங்காக வந்தன. ஏனென்றால், சர்வரில் எழுத்தைக் கோர்த்துக் கொடுக்கும் மென்பொருள் இருந்தது. திருத்தும் முயற்சிகள் நடந்துவருகின்றன. தமிழில் ஆப் செய்பவர் வெளியிடும் முன் ‘கொடைக்கானல்’, ‘சேலம்’, ‘கோயம்புத்தூர்’ மூன்றையும் திரையில் பார்த்துவிட வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றவற்றை நம்பலாம்.

தமிழ்ப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் ஊருக்கும் பொதுப் பெயரோடு மொழிவாரியாகவும் பெயர் சேர்க்கலாம். தமிழுக்கென்று தனிப் புலம் இருக்கிறது. யாராவது எழுதியிருந்தால் வரும், எழுதாவிட்டால் வராது.

எத்தனை தசம இடம்?

சில தரவுத்தளங்களைத் திறந்தால் கடையின் இருப்பிடம் பதினைந்து தசம இடங்களோடு இருக்கும். நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள் என்று மயங்க வேண்டாம். ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். ஒவ்வொரு தசம இடத்துக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஐந்தாவது இடத்தில் ஒரு மீட்டர். ஏழாவது இடத்தில் ஒரு சென்டிமீட்டர். பதினைந்தாவது இடத்துக்குப் போனால் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அளவு. கையில் இருக்கும் போனோ திறந்த வெளியில் நின்றாலே ஐந்து மீட்டர் அங்கே இங்கே காட்டும். ஆறு இடம் வைத்துக்கொண்டால் தாராளம். ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள கோப்பு இதனாலேயே பாதியாகச் சுருங்கும்.

இன்னொரு பக்கம், எண்ணே இல்லாத இடம். முகவரி கிடைக்காதபோது சில நிரல்கள் வெற்றிடத்தைப் பூச்சியமாக்கிவிடும். பூச்சியம், பூச்சியம் என்பது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒரு புள்ளி. கடலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. வரைபடக்காரர்கள் அதற்கு ‘நல் தீவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல் என்றால் அங்கே நல்லது அல்ல, ‘ஒன்றுமில்லாதது’ என்பதற்கான கணினிச் சொல். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கினி வளைகுடாவில் குடியிருந்தால் தரவைத் திரும்பப் பாருங்கள்.

சீனாவில் அரசே எண்களைச் சற்று நகர்த்திவைத்திருக்கிறது. அங்கே வெளியாகும் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற தனி முறையில் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் காட்டும் இடத்தை அப்படியே அதன் மேல் போட்டால் சில நூறு மீட்டர் தள்ளிப்போய்ச் சாலையில் இருக்கும் கார் ஆற்றில் ஓடும்.

இலவசத்தின் நிபந்தனைகள்

2005 ஏப்ரலில் பால் ராடமேக்கர் என்ற நிரலாளர், வாடகை வீட்டு விளம்பரங்களைக் கூகுள் மேப்ஸின் மேல் குத்திக் காட்டினார். கூகுள் அதற்கு வழி எதுவும் திறந்துவிடவில்லை. அவரே உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்துச் செய்தார். அதே ஆண்டு ஜூனில் கூகுள் அதற்கான வழியை ஏபிஐ என்ற பெயரில் முறைப்படி வெளியிட்டது. 2018-இல் கட்டண முறை மாறி, அதைப் பயன்படுத்த ஏபிஐ சாவியும் கட்டண அட்டைக் கணக்கும் கட்டாயமாயின. 2025 மார்ச்சில் இலவச அளவு மறுபடி மாற்றி வகுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் பழைய குறியிடும் கருவியைக் கைவிடும் பட்டியலில் போட்டுப் புதியதற்கு மாறச் சொன்னார்கள். வெக்டர் வரைபடத்தைப் பரப்பிய மேப்பாக்ஸும் 2020 டிசம்பரில் தன் லைப்ரரியின் திறந்த உரிமத்தை மூடியது. அதற்கு முந்தைய பதிப்பை எடுத்து வளர்த்தவர்கள் உருவாக்கியதுதான் மேப்லிப்ரே.

இதில் டெவலப்பர் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. சாவியை உங்கள் தளத்தின் முகவரிக்கு மட்டும் செல்லுமாறு கட்டிவையுங்கள்; பக்கத்தின் நிரலில் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், எடுத்தவர் செலவு உங்கள் கணக்கில் ஏறும். அடுத்தது, வரைபடத்தைக் கூப்பிடும் வரிகளை நிரல் முழுக்கத் தெளிக்காமல் ஓரிடத்தில் வையுங்கள். நாளை வேறொருவரிடம் மாற வேண்டியிருந்தால் அந்த ஓரிடத்தை மாற்றினால் போதும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு எல்லாருக்கும் பொது. அதன் சர்வர் அப்படி இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. மொத்தமாக டைல்களை இறக்கக் கூடாது. உங்கள் ஆப் யார் என்று சொல்லிக்கொண்டு கேட்க வேண்டும். வாங்கியதைச் சில நாள் சேமித்துவைத்துப் பயன்படுத்த வேண்டும். முகவரி தேடித்தரும் நாமினாட்டிம் சேவையில் விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கூடாது. படத்தின் மூலையில் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி இருக்க வேண்டும். கோயில் அன்னதானத்தில் சாப்பிடலாம். அண்டாவோடு தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

திருத்தியதும் ஏன் தெரிவதில்லை?

2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் தெருவைச் சேர்க்கலாம். 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சின் வரைபடம் பெரிதும் வெறுமையாகக் கிடந்தது. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருத் தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தன.

நீங்கள் இன்று உங்கள் தெருவைச் சேர்த்தால் தரவில் உடனே ஏறிவிடும். மாற்றங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாக வெளியாகின்றன. அந்த இடத்து டைலைச் சர்வர் திரும்ப வரையச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் தெரியாவிட்டால் உங்கள் பிரவுசர் பழைய துண்டைச் சேமித்துவைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. சேமிப்பைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். தரவைத் தானே இறக்கி வைத்திருக்கும் மற்ற ஆப்கள் எப்போது புதுப்பிக்கின்றனவோ அப்போதுதான் அவற்றில் வரும். ஒரே தெரு ஓர் ஆப்பில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவது இதனால்தான்.

கடைக்காரர் மகளிடம் திரும்புவோம். எண்களை இடம் மாற்றியதும் குறி சங்கராபுரத்துக்கு வந்துவிட்டது. அதோடு நிறுத்தாமல் அவள் ஒரு கோப்பில் ஐந்து ஊர்களைச் சோதனைக்கென்று எழுதிவைக்கலாம். முதலாவது சங்கராபுரம், எண்கள் முன்பின்னாகியிருந்தால் பனி தெரியும். இரண்டாவது லண்டன், தூரக் கணக்கு தப்பாயிருந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். மூன்றாவது அர்ஜென்டினாவின் உஷுவாயா; அங்கே இரண்டு எண்களும் மைனஸ், அந்த மைனஸ் குறியை விட்டிருந்தால் தெரிந்துவிடும். நான்காவது ஃபிஜியின் தவெயுனி தீவு. 180-ஆவது தீர்க்கரேகை அதன் குறுக்கே போவதால் பல நிரல்கள் அங்கே உலகைச் சுற்றிக் கோடு இழுக்கும். ஐந்தாவது, முகவரியே இல்லாத ஒரு பதிவு. அது கினி வளைகுடாவுக்குப் போகாமல் ‘இடம் தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டும்.

ஐந்தும் தேறிய பிறகு கடைத்தெருவைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். கடை இருக்கிறது, கடை நிற்கும் சந்துக்குப் பெயர் இல்லை. அதை எந்தச் சூத்திரமும் நிரப்பாது. அப்பாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.